பழுது எந்தப் பக்கம் என்று முதலில் பாருங்கள்: வைஃபை, பிரிண்டர், கம்ப்யூட்டர் கோளாறுகளை வீட்டிலேயே சரிசெய்வது எப்படி

இன்டர்நெட் வரவில்லை என்றதும் ரவுட்டரின் பின்னால் இருக்கும் சின்ன ஓட்டையில் ஊசியை விட்டு அழுத்துகிறவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். தயவுசெய்து அதை மட்டும் முதலில் செய்யாதீர்கள். அந்த ஓட்டைக்குள் இருக்கும் பட்டன் ரவுட்டரைப் புதிதாக வாங்கிய அன்று இருந்த நிலைக்குக் கொண்டுபோய்விடும். வைஃபை பெயர், பாஸ்வேர்டு, இணைப்பு கொடுக்க வந்தவர் உள்ளே போட்டுவிட்டுப் போன யூசர்நேம் எல்லாம் அழிந்துவிடும், அதுவரை அரை மணி நேரத்தில் சரியாகியிருக்கக்கூடிய ஒன்று அப்புறம் ஆள் வந்து உட்கார்ந்து சரிசெய்ய வேண்டியதாகிவிடும். ரீஸ்டார்ட் வேறு, ரீசெட் வேறு. ரீஸ்டார்ட் என்பது சுவிட்சை அணைத்துப் போடுவது, அதை எத்தனை முறை வேண்டுமானாலும் செய்யலாம். ரீசெட் என்பது கடைசி வழி.

நான் சொல்ல வருவது ஒன்றுதான், அதைத்தான் கீழே ஒவ்வொரு கோளாறுக்கும் திரும்பத் திரும்பச் செய்யப்போகிறோம்: எதையும் மாற்றுவதற்கு முன்னால் பழுது எந்தப் பக்கம் இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். லேப்டாப்பில் ஒரு பக்கம் திறக்கவில்லை என்றால் கோளாறு அந்த வெப்சைட்டிலேயே இருக்கலாம், பிரவுசரில் இருக்கலாம், லேப்டாப்பில், வைஃபையில், ரவுட்டரில், அல்லது வெளியிலிருந்து வீட்டுக்கு வரும் லைனில் இருக்கலாம். இப்போது போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு அதே வைஃபையில் அதே பக்கத்தைத் திறந்து பாருங்கள். திறந்தால் வெப்சைட், ரவுட்டர், லைன் மூன்றும் நன்றாக இருக்கின்றன, இனி லேப்டாப்பை மட்டும் பார்த்தால் போதும். திறக்கவில்லை என்றால் லேப்டாப்பைத் தொடவே வேண்டாம். ஒரு நிமிட வேலை, ஆனால் இதைச் செய்யாமல் லேப்டாப்பில் டிரைவரை (ஒரு கருவியை இயக்க உதவும் மென்பொருளை) அழித்து, ஆன்டிவைரஸை நீக்கி, கடைசியில் லைன்தான் அறுந்திருக்கிறது என்று தெரிந்து நொந்துபோகிறவர்கள்தான் அதிகம்.

இன்னும் இரண்டு பழக்கங்கள் வேண்டும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள், செய்துவிட்டுச் சோதியுங்கள், பலன் இல்லையென்றால் பழையபடி மாற்றி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். நான்கு மாற்றங்களை ஒன்றாகச் செய்தால் எதனால் சரியானது என்று தெரியாது, புதிதாக ஒன்று கெட்டுப்போனால் எதனால் கெட்டது என்றும் தெரியாது. அப்புறம், திரையில் வரும் எரர் மெசேஜையும், நீங்கள் மாற்றப்போகும் செட்டிங்ஸ் பக்கத்தையும், கழற்றப்போகும் கேபிள்கள் எது எதில் செருகியிருக்கிறது என்பதையும் முதலில் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வைஃபை

வைஃபை என்பதும் இன்டர்நெட் என்பதும் ஒன்றில்லை. வைஃபை உங்கள் லேப்டாப்புக்கும் ரவுட்டருக்கும் நடுவில் இருக்கும் தொடர்பு. இன்டர்நெட் ரவுட்டருக்கும் வெளியுலகத்துக்கும் நடுவில் இருப்பது. அதனால்தான் சிக்னல் கோடுகள் முழுதாக இருந்தும் ஒன்றும் திறக்காமல் போகலாம். அந்தக் கோடுகள் காட்டுவது முதல் பாதியை மட்டும்தான்.

எல்லாக் கருவிகளிலும் இன்டர்நெட் இல்லை என்றால் முதலில் பெட்டியின் விளக்குகளைப் பாருங்கள். ஃபைபர் இணைப்பு என்றால் எல்ஓஎஸ் (LOS) என்று ஒரு விளக்கு இருக்கும், அது சிவப்பாக எரிந்தாலோ மினுக்கினாலோ ஃபைபர் கேபிள் வழியே ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். அந்த நேரத்தில் செட்டிங்ஸில் நீங்கள் என்ன செய்தாலும் பயனில்லை. பெட்டியில் செருகியிருக்கும் மெல்லிய கேபிள் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, மேஜைக்குப் பின்னால் எங்காவது மடங்கி நசுங்கியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், இரண்டும் சரி என்றால் சர்வீஸ் எண்ணுக்கு அழையுங்கள். ஃபைபர் கண்ணாடி இழை, கூர்மையாக மடித்தால் ஒளி வெளியேறிவிடும், அழுத்தி மடித்தால் உடைந்தும் போகும். கேபிளைக் கழற்றினால் அதன் முனையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்க்காதீர்கள், அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர்.

விளக்குகள் சரியாக இருந்தும் வரவில்லை என்றால் ரீஸ்டார்ட். மோடமும் (வெளியிலிருந்து வரும் லைனை வாங்கும் பெட்டி) ரவுட்டரும் தனித்தனிப் பெட்டிகள் என்றால் இரண்டையும் அணையுங்கள், அரை நிமிடம் விடுங்கள், முதலில் மோடத்தைப் போடுங்கள், அதன் விளக்குகள் நிலையாக எரிய ஆரம்பித்த பிறகு ரவுட்டரைப் போடுங்கள். வரிசை முக்கியம். மோடம் தயாராவதற்கு முன்பே ரவுட்டர் எழுந்துவிட்டால் சில ரவுட்டர்கள் வெளி இணைப்பு கிடைக்காமலே நின்றுவிடும். அரை நிமிடம் விடச் சொல்வதற்கும் காரணம் உண்டு, உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்களில் மின்சாரம் கொஞ்ச நேரம் தங்கும், உடனே போட்டால் பழைய நிலை முழுதாக அழியாமல் போகலாம்.

லேப்டாப்பில் மட்டும் வரவில்லை, போனில் வருகிறது என்றால் வைஃபை பட்டியலில் உங்கள் நெட்வொர்க்கை ஒருமுறை 'ஃபர்கெட்' செய்துவிட்டுப் பாஸ்வேர்டு போட்டு மறுபடி சேருங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் நெட்வொர்க் செட்டிங்ஸில் அந்த இணைப்பின் ஐபி முகவரியை, அதாவது நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் இருக்கும் எண் முகவரியை, பாருங்கள். 192.168 என்றோ 10 என்றோ ஆரம்பித்தால் ரவுட்டர் முகவரி கொடுத்திருக்கிறது, அதுவரை எல்லாம் சரி. 169.254 என்று ஆரம்பித்தால் ரவுட்டரிடமிருந்து முகவரி கிடைக்கவில்லை, கம்ப்யூட்டரே தனக்கு ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது. அப்போது விண்டோஸில் டிவைஸ் மேனேஜர் என்று தேடித் திறந்து, நெட்வொர்க் அடாப்டர்ஸ் பகுதியில் இருக்கும் வைஃபை கார்டை அன்இன்ஸ்டால் செய்து, டிரைவரையும் சேர்த்து அழிக்கவா என்று கேட்கும் இடத்தில் டிக் போடாமல், ரீஸ்டார்ட் செய்யுங்கள். விண்டோஸ் அதைத் திரும்பக் கண்டுபிடித்துப் புதிதாக அமைத்துக்கொள்ளும். அதுவும் உதவவில்லை என்றால் விண்டோஸ் செட்டிங்ஸில் 'நெட்வொர்க் ரீசெட்' இருக்கிறது. ஆனால் அதுவரை சேமித்து வைத்த வைஃபை பாஸ்வேர்டுகள் எல்லாம் போய்விடும், தெரிந்து செய்யுங்கள்.

கொஞ்சம் குழப்பமான ஒரு நிலை உண்டு: மெசேஜ் ஆப் மட்டும் வேலை செய்கிறது, வெப்சைட்டுகள் திறக்கவில்லை. இது பெரும்பாலும் டிஎன்எஸ் கோளாறு. நாம் அடிக்கும் வெப்சைட் பெயரை எண் முகவரியாக மாற்றித் தருவதுதான் டிஎன்எஸ் சர்வரின் வேலை, அது பதில் சொல்லாவிட்டால் இன்டர்நெட் இருந்தும் இல்லாதது மாதிரி ஆகிவிடும். சோதிப்பது எளிது. விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட் என்று தேடித் திறந்து, பிங் (ping) என்ற சொல்லை ஆங்கில எழுத்தில் அடித்து, ஒரு இடைவெளி விட்டு 8.8.8.8 என்று போட்டு எண்டர் தட்டுங்கள். பதில் வரிகள் வரிசையாக வந்தால் லைன் உயிரோடு இருக்கிறது, பெயர்களை மாற்றித் தரும் இடத்தில்தான் சிக்கல். அப்போது வைஃபை இணைப்பின் டிஎன்எஸ் முகவரியை 1.1.1.1 அல்லது 8.8.8.8 என்று கையால் கொடுத்துப் பாருங்கள். முதலாவது கிளவுட்ஃப்ளேர் நடத்துவது, இரண்டாவது கூகுள் நடத்துவது, இரண்டுமே இலவசம்.

சரி, வருகிறது ஆனால் மெதுவாக வருகிறது என்றால்? இங்கேயும் பக்கம் பிரிக்க வேண்டும். லேப்டாப்பை லேன் கேபிள் வழியாக நேரே ரவுட்டரில் இணைத்து ஸ்பீடு டெஸ்ட் செய்யுங்கள். கேபிளில் முழு வேகம் வந்து வைஃபையில் வராவிட்டால் பிரச்சினை வீட்டுக்குள் இருக்கிறது, சர்வீஸ் எண்ணுக்கு அழைத்துச் சண்டை போட்டு லாபமில்லை. கேபிளிலும் வராவிட்டால் தாராளமாக அழைக்கலாம், கேபிளில் எடுத்த அளவைச் சொன்னால் 'வைஃபை அப்படித்தான் சார் இருக்கும்' என்று தட்டிக்கழிக்கவும் முடியாது. ஒன்றைக் கவனியுங்கள்: 200 எம்பிபிஎஸ் திட்டம் எடுத்திருக்கிறீர்கள், கேபிளில் எப்போது பார்த்தாலும் 94, 95 என்றே வருகிறது, ஒருபோதும் 100-ஐத் தாண்டவில்லை என்றால், லேன் கேபிளையோ போர்ட்டையோ சந்தேகப்படுங்கள். 100-க்கு மேல் போக கேபிளுக்குள் இருக்கும் 8 கம்பிகளும் வேண்டும், ஒரு கம்பி விட்டுப்போனாலும் இணைப்பு 100-க்கு இறங்கி 4 கம்பிகளில் ஓடும். கேபிளை மாற்றிப் பாருங்கள். அப்புறம், ஸ்பீடு டெஸ்ட் காட்டுவது மெகாபிட், ஃபைல் இறங்கும்போது திரை காட்டுவது பெரும்பாலும் மெகாபைட். 8 பிட் சேர்ந்தது ஒரு பைட், ஆகவே 100 எம்பிபிஎஸ் இணைப்பில் ஃபைல் வினாடிக்கு 12 மெகாபைட் அளவில் இறங்கினால் அது முழு வேகம்தான், யாரும் ஏமாற்றவில்லை.

வைஃபைதான் மெதுவு என்று உறுதியானால், பெரும்பாலான வீடுகளில் காரணம் ரவுட்டர் இருக்கும் இடம். அலமாரிக்குள், டிவிக்குப் பின்னால், தரையில், வீட்டின் ஒரு கோடியில் வைத்துவிட்டு மறுகோடியில் சிக்னல் இல்லை என்றால் அது ரவுட்டரின் குற்றமில்லை. உலோகம் வைஃபை அலையைத் திருப்பிவிடும், தண்ணீர் உறிஞ்சிக்கொள்ளும், கம்பி போட்ட கான்கிரீட் சுவரும் அலையை வெகுவாகக் குறைத்துவிடும், கண்ணாடி பதித்த பீரோவும் மீன் தொட்டியும் கூடக் குறுக்கே நிற்கக் கூடாது. வீட்டின் நடுவில், தலை உயரத்துக்கு மேல், திறந்த இடத்தில் வையுங்கள். புது ரவுட்டர் வாங்குவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள், பாதிப் பேருக்கு வாங்க வேண்டிய அவசியமே வராது என்பது என் நம்பிக்கை.

பெரும்பாலான ரவுட்டர்கள் இரண்டு அலைவரிசைகளில் வேலை செய்கின்றன. 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், சுவரை ஓரளவு தாண்டும், ஆனால் வேகம் குறைவு, நெரிசல் அதிகம், மைக்ரோவேவ் அடுப்பும் கிட்டத்தட்ட அதே அலைவரிசையில்தான் இயங்குகிறது, அடுப்பு ஓடும் அந்த இரண்டு நிமிடமும் வீடியோ கால் திக்குவதற்கு அதுதான் காரணம். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் இரண்டு சுவரைத் தாண்டினாலே சோர்ந்துவிடும். ரவுட்டர் இருக்கும் அறையிலும் பக்கத்து அறையிலும் 5, தூரத்து அறைக்கு 2.4 என்று பிரித்துப் பயன்படுத்துங்கள். அடுக்குமாடியில் இருந்தால் 2.4-இல் சேனலை ஆட்டோவில் விடாமல் 1, 6, 11 ஆகிய மூன்றில் ஒன்றாக வைத்துப் பாருங்கள். அந்த மூன்று சேனல்கள்தான் ஒன்றன்மேல் ஒன்று விழாமல் இருக்கும், அக்கம்பக்கத்து ரவுட்டர்கள் எதில் குறைவாக இருக்கின்றன என்பதைப் போனில் ஒரு வைஃபை அனலைசர் ஆப் காட்டிவிடும். ரிப்பீட்டர் வாங்கினால் அதைச் சிக்னலே இல்லாத அறையில் வைக்காதீர்கள், வாங்குவதற்கே ஒன்றும் கிடைக்காதபோது அது எதைத் திருப்பிக் கொடுக்கும்? பாதி வழியில் வையுங்கள். வாங்குவதும் கொடுப்பதும் ஒரே அலைவரிசையில் நடக்கும் சாதாரண ரிப்பீட்டரில் வேகம் பாதியாகக் குறையும் என்பதையும் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

இரவில் மட்டும் எல்லாமே மந்தம் என்றால் வீட்டில் யாருடைய போனாவது படங்களையும் வீடியோக்களையும் கிளவுடுக்கு ஏற்றிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். அப்லோடு பாதை நிரம்பிவிட்டால் டவுன்லோடும் சேர்ந்து தடுமாறும், ஏனென்றால் ஒவ்வொரு பக்கத்தைக் கேட்பதும் அப்லோடு வழியாகத்தான் போகிறது.

பிரிண்டர்

பிரிண்டரைப் பலர் சபிக்கக் காரணம், கோளாறு கம்ப்யூட்டரிலா, நடுவில் உள்ள இணைப்பிலா, பிரிண்டரிலா என்று தெரியாமல் மூன்றையும் ஒரே நேரத்தில் நோண்டுவதுதான். முதலில் கம்ப்யூட்டரை மறந்துவிடுங்கள். ஸ்கேனர் உள்ள பிரிண்டர் என்றால் கண்ணாடியில் ஒரு தாளை வைத்து நேரே காப்பி எடுங்கள், ஸ்கேனர் இல்லையென்றால் பிரிண்டரின் மெனுவிலிருந்து டெஸ்ட் பேஜ் எடுங்கள். தெளிவாக வந்தால் பிரிண்டருக்கு ஒன்றுமில்லை, மையும் இருக்கிறது, தாளும் ஓடுகிறது. அடுத்து வைஃபையை விட்டுவிட்டு யூஎஸ்பி கேபிளில் இணைத்து பிரிண்ட் கொடுங்கள். வந்தால் கோளாறு வைஃபையில். வராவிட்டால் கம்ப்யூட்டரில்.

'ஆஃப்லைன்' என்று காட்டிக்கொண்டே இருப்பதுதான் அதிகம் பேர் சொல்லும் புகார். பிரிண்டர் எதிரிலேயே இருக்கிறது, விளக்கு எரிகிறது, ஆனால் கம்ப்யூட்டர் அதை ஆஃப்லைன் என்கிறது. பல நேரம் நடப்பது இதுதான்: ரவுட்டர் ரீஸ்டார்ட் ஆனபோது பிரிண்டருக்கு வேறு ஐபி முகவரி கொடுத்துவிட்டது, கம்ப்யூட்டர் இன்னும் பழைய முகவரியிலேயே தேடிக்கொண்டிருக்கிறது. பிரிண்டரை நீக்கிவிட்டுத் திரும்பச் சேர்த்தால் சரியாகும், ஆனால் அடுத்த முறை கரண்ட் போய் வந்தால் மறுபடி அதே கதை. நிரந்தரமாகத் தீர்க்க, ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்துக்குப் போய் பிரிண்டருக்கு ஒரு முகவரியை ஒதுக்கி வைத்துவிடுங்கள், அட்ரஸ் ரிசர்வேஷன் என்ற பெயரில், கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் டிஹெச்சிபி (DHCP) பகுதியில் இருக்கும். அந்தப் பக்கத்துக்குப் போக வேண்டிய முகவரி பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1, ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலும் போட்டிருப்பார்கள். இதைச் செய்த பிறகு பிரிண்டரை ஒரே ஒருமுறை நீக்கிச் சேர்த்துவிட்டால் அப்புறம் அந்தத் தொல்லை இருக்காது.

வேறு இரண்டு காரணங்களும் உண்டு. பல பிரிண்டர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே சேரும், ரவுட்டரில் அதை அணைத்து வைத்திருந்தால் பிரிண்டருக்கு வைஃபையே தெரியாது. அல்லது பிரிண்டரோ லேப்டாப்போ விருந்தினர்களுக்கான கெஸ்ட் நெட்வொர்க்கில் சேர்ந்திருக்கும், அதில் ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்க முடியாதபடி ரவுட்டரே தடுத்துவிடும். பிரிண்டர் பட்டியலில் ஒரே பிரிண்டர் 'காப்பி 1' என்ற பெயரோடு இரண்டு மூன்று முறை இருக்கிறதா என்றும் பாருங்கள், செத்துப்போன பழைய பதிவுக்கு பிரிண்ட் அனுப்பிவிட்டுக் காத்திருப்பது அடிக்கடி நடக்கிறது.

ஒரு பிரிண்ட் வரிசையில் சிக்கிக்கொண்டு, கேன்சல் கொடுத்தாலும் போகாமல், பின்னால் வரும் எல்லாவற்றையும் தடுத்துக்கொண்டு நிற்கும். ரீஸ்டார்ட் செய்தாலும் அது போகாது, ஏனென்றால் அந்த வேலை ஃபைலாக ஹார்ட் டிஸ்கில் இருக்கிறது. விண்டோஸில் சர்வீசஸ் என்று தேடித் திறந்து, பட்டியலில் 'பிரிண்ட் ஸ்பூலர்' மேல் ரைட் கிளிக் செய்து ஸ்டாப் கொடுங்கள். பிறகு சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டர், அதற்குள் சிஸ்டம்32, அதற்குள் ஸ்பூல், அதற்குள் பிரிண்டர்ஸ் என்று போய், அந்தக் கடைசி ஃபோல்டருக்குள் இருப்பவற்றை மட்டும் அழியுங்கள், ஃபோல்டரை அழிக்காதீர்கள். திரும்பி வந்து ஸ்பூலருக்கு ஸ்டார்ட் கொடுங்கள். வரிசை காலியாகிவிடும். மேக் வைத்திருப்பவர்கள் பிரிண்டர் பட்டியலில் கண்ட்ரோல் கீயை அழுத்திக்கொண்டே கிளிக் செய்தால் 'ரீசெட் பிரிண்டிங் சிஸ்டம்' கிடைக்கும், அதைக் கொடுத்துவிட்டு பிரிண்டரைப் புதிதாகச் சேர்க்க வேண்டும்.

எழுத்து மங்குவது, கோடு விழுவது இங்க்ஜெட்டில் ஒரு மாதிரி, லேசரில் வேறு மாதிரி. இங்க்ஜெட்டில் மை காய்ந்து நாசிலை, அதாவது ஹெட்டில் மை வெளியே வரும் நுண்ணிய துளையை, அடைத்துக்கொள்ளும். முதலில் நாசில் செக் எடுத்து எந்த நிறம் விட்டுப்போகிறது என்று பாருங்கள், பிறகு ஹெட் கிளீனிங் ஒருமுறை, மறுபடி நாசில் செக். இரண்டு மூன்று முறைக்கு மேல் தொடர்ந்து கிளீனிங் கொடுக்காதீர்கள், அது மையை உறிஞ்சி உள்ளே உள்ள கழிவுப் பஞ்சில் கொட்டுகிற வேலை, மைதான் தீரும். ஒரு இரவு அப்படியே விட்டுவிட்டு மறுநாள் செய்தால் காய்ந்த மை இளகி வழி விடுவதுண்டு. முக்கியமாக, பிரிண்டரை அதன் சொந்த பட்டனால்தான் அணைக்க வேண்டும். அப்படி அணைத்தால்தான் ஹெட் ஓரத்துக்குப் போய் மூடிக்குள் உட்காரும். சுவரிலுள்ள சுவிட்சை நேரே அணைத்தால் ஹெட் நடுவழியில் திறந்தபடி நின்று காய்ந்துபோகும். வாரம் ஒருமுறை கலரில் ஒரு பக்கம் எடுப்பது, புது ஹெட் வாங்குவதைவிட மலிவு.

லேசரில் டோனர் என்பது பொடி, காயாது. மங்கலாக வந்தால் கார்ட்ரிட்ஜை வெளியே எடுத்து மெதுவாக இருபுறமும் சாய்த்து ஆட்டிப் போட்டால் இன்னும் கொஞ்சப் பக்கங்கள் ஓடும். ஒரே அடையாளம் பக்கத்தில் சம இடைவெளியில் திரும்பத் திரும்ப விழுந்தால், சுற்றும் உருளை ஏதோ ஒன்றில் கீறலோ அழுக்கோ இருக்கிறது, பெரும்பாலும் டிரம். அதன் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு அடையாளம் விழும். பொடி கொட்டிவிட்டால் உலர்ந்த துணியால் துடையுங்கள், கையைக் குளிர்ந்த நீரில் கழுவுங்கள், சூடான நீர் பொடியை உருக்கி ஒட்டவைத்துவிடும். சாதாரண வேக்குவம் கிளீனரில் இழுக்காதீர்கள், நுண்ணிய பொடி அதன் வடிகட்டியைத் தாண்டி அறை முழுக்கப் பரவும்.

தாள் சிக்கினால் முதலில் பிரிண்டரை அணையுங்கள், லேசர் என்றால் கொஞ்சம் ஆறவும் விடுங்கள், தாளை அழுத்தி மையை உருக்கும் ஃபியூசர் கையைச் சுட்டுவிடும். தாள் போகும் திசையிலேயே இரண்டு கையாலும் மெதுவாக இழுங்கள். எதிர்த்திசையில் வெடுக்கென்று இழுத்தால் கிழியும், உள்ளே தங்கும் நகக்கண் அளவுத் துண்டு அடுத்த எல்லாத் தாளையும் சிக்கவைக்கும். எடுத்த தாளை விரித்து நான்கு மூலையும் இருக்கிறதா என்று பாருங்கள். சிக்கவில்லை, ஆனால் தாளை இழுக்கவே மாட்டேன் என்கிறது என்றால் தாள் எடுக்கும் ரப்பர் உருளையில் தூசி படிந்து வழுக்குகிறது. பஞ்சு உதிராத துணியை லேசாக நனைத்து உருளையைச் சுற்றிலும் துடைத்து, காயவிட்டுப் பாருங்கள். தாள் கட்டை விசிறிப் பிரித்துப் போடுவதும் ஈரம் ஏறாமல் கவரிலேயே வைப்பதும் உதவும்.

பக்கம் முழுக்கப் புரியாத குறிகளாக வந்தால் டிரைவர் தப்பு. பிரிண்டர் தயாரித்த கம்பெனியின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் டிரைவரை எடுங்கள், தேடலில் முதலில் வரும் விளம்பரங்களையும் டிரைவர் அப்டேட்டர் என்று வரும் மென்பொருள்களையும் தொடாதீர்கள்.

கம்ப்யூட்டர்

மெதுவாகிவிட்டது என்றால் ஃபார்மட் செய்வதற்கு முன் காரணத்தைக் கண்ணால் பாருங்கள். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் சிபியு, மெமரி, டிஸ்க் என்ற மூன்று பத்திகளில் எது 100-ஐ ஒட்டி நிற்கிறது என்று பாருங்கள், அந்தப் பத்தியின் தலைப்பைக் கிளிக் செய்தால் அதிகம் தின்னும் புரோகிராம் மேலே வந்துவிடும். மெமரி நிறைந்திருந்தால் பிரவுசரில் திறந்து கிடக்கும் டேப்களும் எக்ஸ்டென்ஷன்களும்தான் முதல் சந்தேகம். அவற்றை மூடியும் போதவில்லை, ரேம் (அந்த மெமரி) 4 ஜிபிதான் என்றால் 8 ஆக்குவது உடனே தெரியும். டிஸ்க் எப்போதும் 100 என்று நின்று, அது பழைய சுழலும் ஹார்ட் டிஸ்காகவும் இருந்தால், சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டிக்கு மாறுவதைப் போல வேறெதுவும் அந்த மெஷினை மாற்றாது. பழைய லேப்டாப் வைத்திருப்பவர்கள் புதிது வாங்கக் கிளம்புவதற்கு முன் இதை மட்டுமாவது யோசியுங்கள்.

அதே டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் சிபியுவைத் திறந்தால் 'அப் டைம்' என்று இருக்கும். தினமும் ஷட் டவுன் செய்கிறவர்களுக்கும் அது பல நாட்களைக் காட்டலாம். விண்டோஸ் 8 முதல் வந்த ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியால் ஷட் டவுன் என்பது முழு அணைப்பு அல்ல, சிஸ்டத்தின் உள்பகுதியை டிஸ்கில் எழுதி வைத்துவிட்டு மறுநாள் அதையே திரும்ப எழுப்புகிறது. ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாக ஆரம்பிக்கும். 'அணைச்சுப் போட்டுட்டேன், சரியாகலை' என்று சொல்கிறவர்கள் ரீஸ்டார்ட் கொடுத்துப் பாருங்கள்.

ஸ்டார்ட்அப் ஆப்ஸ் பகுதியில் தேவையில்லாதவற்றை டிஸேபிள் செய்யுங்கள், ஆன்டிவைரஸையும் டச்பேட், ஆடியோ தொடர்பானவற்றையும் விட்டுவிடுங்கள். சி டிரைவ் நிரம்பியிருந்தால் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பகுதிக்குள் டெம்பரரி ஃபைல்ஸ் அழிக்கலாம், ஆனால் அந்தப் பட்டியலிலேயே டவுன்லோட்ஸ் என்ற வரியும் இருக்கும், அதில் டிக் இருந்தால் நீங்கள் இறக்கி வைத்த எல்லாமும் சேர்ந்து போய்விடும்.

கொஞ்ச நேரம் ஓடிய பிறகு மட்டும் மெதுவாகிறது, விசிறி இரைகிறது, திடீரென அணைகிறது என்றால் சூடு. லேப்டாப்பை மெத்தையில் வைத்துப் பயன்படுத்தாதீர்கள், காற்று போகும் வழி அடியில்தான் இருக்கிறது. காற்றடித்துத் தூசியை எடுக்கும்போது விசிறியின் இறக்கையைக் குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள், காற்றில் அது அளவுக்கு மீறிச் சுற்றினால் கெட்டுப்போகும்.

லேப்டாப் உயிரே இல்லாமல் கிடந்தால் சார்ஜரைக் கழற்றிவிட்டு பவர் பட்டனை 30 வினாடி அழுத்திப் பிடியுங்கள், பிறகு சார்ஜரை மாட்டிப் போடுங்கள். இதிலேயே எழுந்து கொள்பவை நிறைய. டெஸ்க்டாப்பில் விசிறி சுற்றுகிறது ஆனால் திரையில் ஒன்றும் இல்லை என்றால் மானிட்டர் கேபிள் முதலில், பிறகு மின்சாரத்தை முழுதாகத் துண்டித்துவிட்டு ரேமைக் கழற்றி அழுத்தி மறுபடி செருகுவது. விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது திரை மட்டும் கறுத்துப்போனால் விண்டோஸ் கீ, கண்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் சேர்த்து அழுத்துங்கள், டிஸ்ப்ளே டிரைவர் மட்டும் திரும்ப ஆரம்பிக்கும், திறந்து வைத்த வேலை அப்படியே இருக்கும்.

எல்லா வெப்சைட்டும் பாதுகாப்பில்லை என்று பிரவுசர் கத்தினால் தேதியைப் பாருங்கள். தேதி சில வருடம் பின்னால் போயிருந்தால் வெப்சைட்டுகளின் செக்யூரிட்டி சர்ட்டிஃபிகேட் எதுவும் செல்லாததாகத்தான் தெரியும். டெஸ்க்டாப்பில் ஒவ்வொரு முறை அணைக்கும்போதும் தேதி மாறுகிறது என்றால் மதர்போர்டில் இருக்கும் காசு வடிவ பேட்டரி தீர்ந்துவிட்டது, சிஆர் 2032 என்று கேட்டு வாங்கி மாட்டினால் போதும்.

நீலத் திரை வந்தால் பதற வேண்டாம், அதில் 'ஸ்டாப் கோட்' என்று இருக்கும் பிழைக் குறியீட்டைப் படம் எடுங்கள். சமீபத்தில் என்ன மாறியது என்று யோசியுங்கள்: புது டிரைவரா, புது ரேமா, அப்டேட்டா? மாற்றியதைத் திரும்பப் பெறுங்கள். விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக் என்று தேடி ஓடவிட்டால் ரேமின் நிலை தெரியும். விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று: அதற்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகளை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது, வேலை செய்கிறது என்பதற்காக அப்படியே விட்டுவைக்காதீர்கள்.

திரை முழுக்க சிவப்பாக ஒரு பக்கம் வந்து, உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ், உடனே இந்த எண்ணுக்கு அழையுங்கள் என்று கத்தினால் அது பொய். மைக்ரோசாஃப்ட் எச்சரிக்கையில் போன் எண் இருக்காது. ஆல்ட், எஃப்4 அழுத்தி மூடுங்கள், மூடவில்லை என்றால் டாஸ்க் மேனேஜரிலிருந்து பிரவுசரை நிறுத்துங்கள். அழைத்தவர் யாராக இருந்தாலும் உங்கள் திரையை அவர் கையில் கொடுக்கும் ஆப் எதையும் இன்ஸ்டால் செய்யாதீர்கள், வீட்டில் இருக்கும் பெரியவர்களிடம் இதைத் தனியாக உட்காரவைத்துச் சொல்லுங்கள்.

கை வைக்கக் கூடாத இடங்கள்

டச்பேட் தூக்கிக்கொண்டு நின்றாலோ லேப்டாப் சரியாக மூடாவிட்டாலோ பேட்டரி உப்பியிருக்கலாம். சார்ஜ் போடுவதை அப்போதே நிறுத்துங்கள், அழுத்தவோ குத்தவோ வேண்டாம். டெஸ்க்டாப்பின் பவர் சப்ளை பெட்டியைத் திறக்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஷாக் அடிக்கும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கும். ஹார்ட் டிஸ்கில் டிக் டிக் என்று சத்தம் வந்தால் சரிசெய்யும் மென்பொருள் எதையும் ஓட்டாதீர்கள், ஒவ்வொரு நிமிட ஓட்டமும் அதற்குச் சுமை, மிக அவசியமான ஃபைல்களை மட்டும் முதலில் வேறு டிரைவில் எடுங்கள், படிக்கவே இல்லை என்றால் அணைத்துவிட்டு டேட்டா மீட்கத் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள்.

வெளியே கொடுக்க வேண்டி வந்தால், கொடுப்பதற்கு முன் முக்கியமானவற்றை வேறு டிஸ்கில் காப்பி எடுங்கள், பிரவுசரிலிருந்து பேங்க், மெயில் கணக்குகளை லாக்அவுட் செய்யுங்கள். பழுது பார்ப்பவரிடம் வேலை செய்யவில்லை என்று மட்டும் சொல்லாமல், போனில் வருகிறது, லேப்டாப்பில் வரவில்லை, ஐபி 169.254 என்று காட்டுகிறது, வைஃபை கார்டை அன்இன்ஸ்டால் செய்து பார்த்தாயிற்று என்று நீங்கள் பார்த்த வரிசையிலேயே சொல்லுங்கள், எடுத்த படங்களையும் காட்டுங்கள். அவர் அங்கிருந்தே ஆரம்பிப்பார்.